மரத்துக்குக் குறியிட்ட கருவி

சென்ற பள்ளி விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என் வகுப்பில் அமர்ந்தவர். இன்று நாற்பதை நெருங்குகிறார். நண்பர் சிலருடன் கூடி, பால்மரக் காட்டையொட்டிய நிலமொன்றைக் குத்தகைக்கு எடுத்து, உரிய அனுமதி பெற்று, பெயிண்ட்பால் எனப்படும் சாயக்குண்டு விளையாட்டுக்குத் திடல் அமைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தம் பங்காக அவர் போட்டது, தந்தையார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதிப் பணம். அவர் தந்தையாரை நான் நன்கறிவேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று பால்மரம் வெட்டியவர்.

“ஐயா, வாடகைக்குக் கொடுக்க இருபது துப்பாக்கி வாங்க வேண்டும். மின்பலகை வைத்த நவீனத் துப்பாக்கிகளை ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்கிறார். இன்னொருவரிடம் பழைய மாதிரித் துப்பாக்கிகள் இருக்கின்றன. பார்க்கக் கரடுமுரடாக இருக்கின்றன. எதை வாங்கலாம்?” என்று கேட்டார்.

நான் நகைத்தேன். “தம்பி, வாழ்நாளில் ஒரு துப்பாக்கியையும் தொட்டறியாதவனிடம் வந்து கேட்கிறாயே!” என்றேன்.

“ஒரு பொருளின் வரலாறு தெரிந்தால் அதன் குணம் தெரியும் என்று வகுப்பில் சொன்னது நீங்கள்தாமே?” என்றார் அவர்.

மாணவன் ஆசிரியனின் சொல்லையே அவன்மேல் திருப்பும்போது விடை சொல்லாமல் தப்புவதற்கு வழியில்லை. ஆகவே இரண்டு திங்கள் இப்பொருள் பற்றிக் கிடைத்தனவற்றைப் படித்தேன். அவருடைய நண்பர்களின் கருவிகளைக் கழற்றியும் பார்த்தேன். அறிந்தவற்றுள் சில, விளையாட்டில் நாட்டமில்லாத தமிழாசிரியர்க்கும் சுவை பயக்கும் எனக் கருதி ஈண்டு எழுதலானேன்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். இவ்விளையாட்டினர் தம் கையிலுள்ளதைத் துப்பாக்கி என்று சொல்ல விரும்புவதில்லை. மார்க்கர் என்றே வழங்குவர். மார்க்கர் என்றால் குறியிடுவது என்று பொருள். துப்பாக்கி என்னும் சொல்லின் கடுமையை மறைப்பதற்காக, நாம் சுடுகாட்டை நன்காடு என்பது போல, மங்கலமாக இட்ட பெயர் இஃது என்று நான் முதலில் எண்ணினேன். அவ்வாறு எண்ணியது பிழை. இன்று அச்சொல்லை வற்புறுத்துவோர் மனத்தில் அந்நோக்கமும் இருக்கலாம். ஆனால் பெயர் பிறந்த இடம் வேறு. இக்கருவி விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதே அன்று. காட்டில் நிற்கும் மரங்களுக்குச் சாயத்தால் குறியிடுவதற்காகச் செய்யப்பட்டது. ஆகவே மார்க்கர் என்பது மங்கல வழக்கன்று, கலப்பற்ற காரணப்பெயர். இந்த ஒன்றை மனத்திற்கொண்டால், மாணவர் கேட்ட கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

காட்டில் பிறந்த கதை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாநிலத்து வடபகுதியில் அயர்ன் மவுண்டன் என்றோர் ஊர் உளது. மரமும் சுரங்கமுமே வாழ்வாகக் கொண்ட பகுதி அது. அவ்வூரில் நெல்சன் குடும்பத்தார் சாய நிறுவனம் ஒன்றை நடத்தினர். சார்லஸ் நெல்சன் என்பார் காட்டுத் துறையினர் பயன்படுத்தும் குறியீட்டுச் சாயங்களில் கருத்தூன்றி உழைத்தவர். எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது, எல்லை எது என்பவற்றையெல்லாம் மரத்தின்மேல் சாயம் தீட்டியே காட்டதிகாரிகள் குறித்தனர். தோட்டத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. மறுநடவுக்கு முன் எந்த நிரையில் எந்த மரம் விழ வேண்டும் என்று கிராணியார் தகர டப்பாவும் தூரிகையுமாய் அலைந்ததை நம்மில் பலர் சிறுவயதில் கண்டிருப்போம். ஆனால் நம் தோட்டத்தில் மரங்கள் வரிசையில் நிற்கும், அடிக்காடு வெட்டப்பட்டிருக்கும். அமெரிக்கக் காட்டில் அப்படியன்று. ஓடைக்கு அப்பால் ஒரு மரம், முட்புதருக்குள் ஒரு மரம், செங்குத்துச் சரிவில் ஒரு மரம் என நிற்கும். ஒவ்வொன்றின் அருகிலும் சென்று தீட்டுவதென்றால் நாள் போதாது.

எட்ட நின்று குறியிட வேண்டும் என்னும் இத்தேவையிலிருந்து 1960களில் ஒரு கருத்து எழுந்தது. சாயத்தை உருண்டையாக்கி, அதைக் காற்றழுத்தத்தால் எறிந்து, மரத்தில் பட்டவுடன் உடையச் செய்தால் என்ன? உருண்டைக்கு உறை வேண்டும். எறியும்போது உடையக்கூடாது, பட்டவுடன் உடைய வேண்டும். இவ்விரு குணமும் ஒருங்கே அமைந்த உறை ஏற்கெனவே மருந்துக் கடையில் இருந்தது. ஆர். பி. ஷெரர் என்பார் 1930களில் டெட்ராய்ட் நகரில், இரண்டு ஜெலட்டின் தகடுகளைச் சுழலும் அச்சுருளைகளுக்கிடையே செலுத்தி, நடுவில் மருந்தை நிரப்பி மூடும் பொறியை உருவாக்கியிருந்தார். மீனெண்ணெய் மாத்திரை என்று நாம் விழுங்கும் பளபளப்பான குளிகை அப்பொறியின் பிள்ளை. நெல்சன் தம் சாயத்தை அந்த உறைக்குள் அடைக்கச் செய்தார். ஆக, சாயக்குண்டின் தாய் காடு, செவிலி மருந்துக்கடை. (ஜெலட்டின் என்பது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது என்பதைச் சைவ அன்பர்கள் அறிந்துகொள்வது நன்று. இவ்விளையாட்டில் குண்டை உண்பதில்லை என்றாலும், வாயில் தெறிப்பதுண்டு.)

குண்டு கிடைத்தது, எறியும் கருவி வேண்டும். காற்றுத் துப்பாக்கி செய்வதில் பெயர்பெற்ற கிராஸ்மன் நிறுவனம் முதலில் 707 என்னும் கைத்துப்பாக்கியைச் செய்து தந்தது. அது நன்கு விற்கவில்லை. பின்னர் அதே தொழிலிலிருந்த டெய்சி நிறுவனம் மற்றொன்றைச் செய்தது. நெல்ஸ்பாட் 007 என்று அதற்குப் பெயர். அதன் அமைப்புக்கான காப்புரிமை டெய்சி நிறுவனத்தின் ஜேம்ஸ் ஹேல் என்பார் பெயரில் 1974இல் வழங்கப்பெற்றது. 0.68 அங்குல விட்டமுள்ள குண்டைச் சோடாக் குப்பியைப் போன்ற சிறு குப்பியில் அடைத்த 12 கிராம் கரியமிலவாயுவால் எறிவது அது. ஒவ்வொரு முறையும் கருவியைச் சாய்த்துக் குண்டை உருட்டி, பின்னுள்ள தண்டை இழுத்துத் தள்ளி, பிறகே சுடவேண்டும். மரம் ஓடிப்போவதில்லை ஆகையால் இவ்வளவு தாமதம் ஒரு குறையாகத் தோன்றவில்லை. மந்தையில் மாடுகளுக்குக் குறியிடவும் அதனைப் பயன்படுத்தினர்.

இக்கருவியை வாங்கியவர் எத்தகையோர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நாள் முழுதும் காட்டில் நடப்பவர்; கையுறை அணிந்தவர்; மழையிலும் பனியிலும் நிற்பவர்; பழுது பார்க்கும் கடைக்கு ஐம்பது கல் தொலைவில் இருப்பவர். அத்தகையோர்க்கு உதவ வேண்டிய கருவியில் உறுப்புகள் குறைவாக இருத்தல் வேண்டும். இருப்பவை தடிப்பாக இருத்தல் வேண்டும். நம் மரம் வெட்டுவோர் கையிலுள்ள பால்வெட்டும் கத்தியைப் பாருங்கள். அதில் அலங்காரம் எங்கே? வேலைக்கென்று பிறந்த கருவிக்கு ஒரு முகம் உண்டு. அம்முகம் இதற்கும் இருந்தது.

விளையாட்டானது எவ்வாறு

நியூயார்க்கில் பங்கு வணிகம் செய்த ஹேய்ஸ் நோயல், எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸ் ஆகிய நண்பர் இருவரிடையே ஒரு வழக்கு நிகழ்ந்துகொண்டிருந்தது. காட்டில் தனித்து விடப்பட்டால், நகரத்தில் போட்டியிட்டுப் பழகியவன் பிழைப்பானா, நாட்டுப்புறத்தில் வேட்டையாடிப் பழகியவன் பிழைப்பானா என்பது அவ்வழக்கு. பட்டிமண்டபம் கூட்டுவதோடு நாம் நின்றிருப்போம். அவர்கள் செயலில் இறங்கினர். வேளாண்மைப் பொருள் விற்பனைப் பட்டியல் ஒன்றில் நெல்ஸ்பாட் 007 நண்பர் ஒருவர் கண்ணில் பட்டது. பாப் கர்ன்சி என்பாரும் சேர்ந்துகொண்டு விதிகளை வகுத்தார். 1981ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹெனிகர் என்னுமிடத்துக் காட்டில் பன்னிருவர் இறங்கினர். காட்டின் பல பகுதிகளில் கொடிகள் நடப்பட்டிருந்தன. மேலே சாயம் படாமல் அவற்றைத் திரட்டி வெளிவருபவனே வென்றவன்.

வென்றவர் ரிச்சி ஒயிட் என்பார். அவருடைய தொழில் யாதெனின், காட்டுப் பணி! எதிரியைக் காணாமல், காணப்படாமல், ஒரு குண்டும் சுடாமல் அவர் கொடிகளுடன் வெளிவந்தார். காட்டுப் பணியாளர்க்கென்று செய்த கருவியைக் கொண்டு ஆடிய முதல் ஆட்டத்தில், காட்டுப் பணியாளர் ஒருவரே, அக்கருவியைப் பயன்படுத்தாமல் வென்றார். கதை கட்டுவோன் இப்படிக் கட்டினால் நம்பமாட்டோம். வரலாறு சில வேளை கதையை விஞ்சிவிடுகிறது.

ஆட்டத்தில் கலந்துகொண்டவருள் பத்திரிகை எழுத்தாளர் ஒருவரும் இருந்தமையால் செய்தி அவ்வாண்டே நாடெங்கும் பரவிற்று. கர்ன்சி இதை வணிகமாக்கினார். 1982இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரையொட்டிக் கட்டணம் வாங்கும் திடல் ஒன்று தொடங்கப்பட்டது. அன்றைய குண்டிலிருந்தது மரத்துக்கான எண்ணெய்ச் சாயம். ஆட்டம் முடிந்தால் ஆடுவோர் டர்பன்டைன் கொண்டு மேனியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீரில் கரையும் சாயம் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. இன்றைய குண்டினுள் இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பசைநீரும் நிறமுமே. எண்ணெய்ச் சாயம் போனது, ஆனால் சாயம் என்ற பெயர் நின்றது.

1980களின் நடுவில் விளையாட்டுக்கென்றே செய்த ஸ்பிளாட்மாஸ்டர் போன்ற பிளாஸ்டிக் கைத்துப்பாக்கிகள் வந்தன. தண்டை இழுத்து ஒவ்வொன்றாகச் சுடும் நீண்ட கருவிகளும் வந்தன. 12 கிராம் குப்பிக்குப் பதிலாக மீண்டும் நிரப்பத்தக்க சிலிண்டர் வந்தது. பத்துக் குண்டுக் குழாய்க்குப் பதிலாக நூற்றுக்கணக்கில் கொள்ளும் பெட்டி தலைமேல் ஏறிற்று. விசையை அழுத்துந்தோறும் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் கருவிகள் 1990ஐ ஒட்டி வந்தன. இவற்றின் பெயர்களையெல்லாம் அடுக்கினால் பட்டியலாகுமேயன்றி வரலாறாகாது. நம் கேள்விக்கு வேண்டிய ஒரு குடும்பத்தை மட்டும் காண்போம்.

டிப்மன் கொட்டிலில்

இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்ன் நகரில் டென்னிஸ் டிப்மன் என்பார் பழைய போர்க்கால இயந்திரத் துப்பாக்கிகளைப் பாதி அளவில், நுட்பம் பிறழாமல் செய்து விற்றுவந்தார். 1986இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்காகப் புதிய இயந்திரத் துப்பாக்கி செய்வதைச் சட்டம் தடுத்தது. தொழில் போயிற்று, உலோகத்தை வார்க்கவும் கடையவும் தெரிந்த கைகள் இருந்தன. அவை சாயக்குண்டின் பக்கம் திரும்பின. 1987இல் எஸ்.எம்.ஜி. 60 என்னும் கருவி வெளிவந்தது. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுவது. அன்று அது பெரும் புதுமை. ஆனால் அதன் குண்டு 0.62 அங்குலம். உலகமெல்லாம் 0.68 அங்குலத்தை நோக்கிச் சென்றபோது, அக்கருவி குண்டின்றி நின்றது. நல்ல உலோகம், நல்ல வேலைப்பாடு, ஆனால் போடக் குண்டில்லை. கருவி நெடுநாள் உழைப்பதென்பது உலோகத்தின் உறுதியால் மட்டும் ஆவதன்று. அதற்கு வேண்டிய குண்டும் உறுப்பும் ஊரெங்கும் கிடைக்க வேண்டும். மாணவருக்கு நான் எழுதிய மடலில் இதைத்தான் முதலில் குறித்தேன்.

அந்நிறுவனம் பாடத்தைக் கற்றுக்கொண்டது. அடுத்து வந்தவை 0.68 அங்குலத்துக்கு மாறின. 1998இல் வெளிவந்த மாடல் 98 என்பதே இக்கட்டுரையின் தலைவன். என் மாணவர் கரடுமுரடு என்று சொன்னது அதனைத்தான்.

அதன் உடல் வார்த்த அலுமினியத்தால் ஆன இரண்டு பாதிகள். தேங்காய் மூடி இரண்டையும் சேர்ப்பது போலச் சேர்த்துத் திருகாணியிட்டால் உடல் ஆயிற்று. உள்ளே ஒரே நேர்கோட்டில் பின்னால் ஒரு சுத்தி, நடுவே வால்வு, முன்னே குண்டைத் தள்ளும் தண்டு. சுத்தியையும் தண்டையும் ஒரு கம்பி பிணைத்திருக்கும். சுத்திக்குப் பின்னே சுருள்வில். விசையை அழுத்தினால் சுத்தியைப் பிடித்திருக்கும் கொக்கி விடுபடும். வில் சுத்தியை முன்னே தள்ளும். கம்பியால் பிணைந்த தண்டும் உடன் நகர்ந்து குண்டைக் குழலுக்குள் புகுத்தும். அந்நொடியில் சுத்தி வால்வைத் தட்டும். வால்வு திறந்து வாயு இருபுறமும் பாயும். முன்னே பாய்வது குண்டை எறிகிறது. பின்னே பாய்வது சுத்தியைத் திரும்பக் கொக்கியில் மாட்டுகிறது. அவ்வளவே. ஒரே மூச்சில் எறிதலும் மீளுதலும் முடிகின்றன. மின்கலம் இல்லை, கம்பிச் சுற்று இல்லை, நுண்ணிய துளைகள் இல்லை.

இவ்வமைப்புக்கு ஒரு குறையுண்டு; அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலிண்டரில் வாயு குறைந்துவிட்டால், பின்னே பாயும் மூச்சு சுத்தியைக் கொக்கிவரை கொண்டுசேர்க்காது. பாதி வழியில் திரும்பும் சுத்தி மறுபடி வால்வைத் தட்டும். விரல் எடுத்த பின்னும் கருவி தானே படபடவென்று சுடும். புதியவர் இதனைக் கண்டு அஞ்சுவர். உடனே குழலைத் தரைநோக்கிப் பிடித்து, பின்னுள்ள பிடியை இழுத்துச் சுத்தியைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்றொரு குறை, திறந்து பார்ப்பது தொல்லை. பாதிகளைப் பிரித்ததும் சிறு உறுப்புகள் உருண்டோடும். நானே ஒரு சிறு வில்லைத் தேடி நாற்காலிக்கடியில் அரைமணி நேரம் தவழ்ந்தேன். என் துணைவியார் நகைத்ததை எழுத வேண்டியதில்லை. வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்துப் பிரிப்பதே முறை.

இதன் போட்டியாளருள் கிங்மன் நிறுவனத்தின் ஸ்பைடர் வகையும் எளியதே. அதில் மேலும் கீழுமாக இரு குழாய்கள். மேற்குழாயின் தண்டை ஒரு முளையை உருவியதும் வெளியே இழுத்துவிடலாம். குண்டு உள்ளே உடைந்தால் துடைப்பதற்கு மாடல் 98ஐ விட அது எளிது. அதை வைத்திருப்பவர் விற்றுவிட்டு வேறு வாங்க வேண்டியதில்லை. ஆனால் கல்லில் போட்டு, சேற்றில் புரட்டி, யார் யாரோ கையாளும் வாடகைத் திடலில், தடித்த வார்ப்புடலே நின்று பிடிக்கிறது. திடல் நடத்துவோர் பலர் நெடுங்காலம் டிப்மன் கருவிகளையே அடுக்கி வைத்திருந்ததன் காரணம் இதுதான்.

மின்பலகை வகை 1990களின் பிற்பகுதியில் வந்தது. மின்காந்த வால்வு நொடிக்குப் பல குண்டுகளை ஒழுங்காக விடும். போட்டியாடும் குழுவினர்க்கு அது வேண்டும். அவர்கள் தம் கருவியைத் தாமே பேணுவர். அதற்குச் சுத்தமான காற்று வேண்டும், அளவான மசகு வேண்டும், சார்ஜ் குறையாத மின்கலம் வேண்டும். சனி ஞாயிறுகளில் அலுவலக நண்பர்கள் கூட்டமாக வந்து மூன்று மணி நேரம் ஆடிவிட்டுப் போகும் இடத்தில் இவையெல்லாம் நடக்குமா? வேகமாகச் சுடும் கருவி குண்டையும் வேகமாகத் தின்னும். அதனால் திடலுக்கு வருவாய் கூடும் என்று சிலர் சொல்கின்றனர். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. புதிதாக ஆட வந்த பிள்ளை முதல் ஆட்டத்திலேயே பத்துத் தழும்புடன் வீடு திரும்பினால் மறுமுறை வராது.

நம் தட்பவெப்பத்தில்

இக்கருவி குளிர்நாட்டில் பிறந்தது. நம் நாட்டில் அதன் குணம் சற்று மாறும். இதனை விற்பனையாளர் எவரும் என் மாணவருக்குச் சொல்லவில்லை.

கரியமிலவாயு சிலிண்டரினுள் பாதி நீர்மமாக இருக்கிறது. அதன் அழுத்தம் சூட்டைப் பொறுத்தது. 0 பாகை சென்டிகிரேடில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 500 பவுண்டு; 21 பாகையில் 850; 30 பாகையில் 1,000ஐயும் தாண்டும். 31 பாகைக்கு மேல் அது நீர்மமாக நிற்பதே இல்லை. அதற்குமேல் சூடேறினால் அழுத்தம் மிக விரைவாக உயரும். நியூ ஹாம்ப்ஷயர் பனியில் கருவி சோர்ந்துபோகும் என்று அவர்கள் கவலைப்பட்டனர். நம் நண்பகல் வெயிலில் கவலை வேறு. காலையில் அளந்து வைத்த வேகம் மதியம் ஏறிவிடும். வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள் நிரப்பிய சிலிண்டரை விட்டுவைப்பது பெருந்தவறு. இதற்கு மாற்று, 3,000 அல்லது 4,500 பவுண்டு அழுத்தத்தில் அடைத்த வெறுங்காற்று. அதன் வாயிலுள்ள சீராக்கி, வெளிவரும் அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும். மாடல் 98 இரண்டையும் ஏற்கும். காற்றடைக்கும் பொறிக்குச் செலவு மிகுதி. எனினும் நம் ஊரில் அச்செலவு தகும் என்பது என் கருத்து. நீர்மக் கரியமிலவாயு வால்வுக்குள் புகுந்து ரப்பர் வளையங்களை உறையச்செய்து வெடிக்கவைக்கும் தொல்லையும் இதனால் ஒழியும்.

ரப்பர் வளையம் என்றேன். இக்கருவியில் தேயும் பொருள் பெரும்பாலும் அதுவே. ரப்பர் தோட்டத்தில் வாழும் நாம் பெருமை கொள்ள இடமில்லை. அது நம் பால்மரத்து ரப்பர் அன்று. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஆகவே எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரால் செய்கின்றனர். அதுவும் கண்ட எண்ணெயைப் பொறுப்பதில்லை. துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கும் தெளிப்பெண்ணெயைச் சிலர் இதற்குள் அடிக்கின்றனர். அது வளையத்தைக் கெடுக்கும். காற்றுக் கருவிக்குரிய மெல்லிய எண்ணெயில் சில துளிகளைச் சிலிண்டர் மாட்டும் வாயில் விட்டு, குண்டின்றிச் சில முறை சுட்டால் அது உள்ளே பரவிவிடும். மருந்தடிக்கும் பம்பின் வாஷர் காய்ந்தால் அழுத்தம் நிற்காது என்பது தோட்டத்தில் யாருக்கும் தெரியும். அதே அறிவு இங்குப் போதும்.

குண்டோ நம் ஈரக்காற்றுக்குப் பகை. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சும். உள்ளேயுள்ள பசைநீரும் உறிஞ்சும். பையைத் திறந்து இரண்டு நாள் வைத்தால் குண்டு பருத்து, ஒரு பக்கம் சப்பி, குழலுக்குள்ளேயே உடையும். அப்போது ஆடுவோர் கருவியைத்தான் வைவர். கருவி பழுது என்று திருப்பித்தந்த மூன்றை என் மாணவரின் நண்பர்கள் காட்டினர். மூன்றிலும் பழுதில்லை, குண்டு பழையது. குழலைத் துடைக்கும் கோல் ஒன்று ஒவ்வொருவர் இடுப்பிலும் இருப்பதே இதற்கு மருந்து.

கண்

வரலாறு எழுதப் புகுந்த நான் இதை விட்டுச்செல்ல இயலாது. குண்டின் எடை ஏறத்தாழ 3 கிராம். விளையாட்டுக்கு வகுத்த மேல்வரம்பு நொடிக்கு 300 அடி. பல திடல்கள் அதற்கும் கீழே வைக்கின்றன. சட்டைமேல் பட்டால் சிவந்து கன்றும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். தொடக்க ஆண்டுகளில் பட்டறைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடினர். அது கழன்று விழுந்தோ பக்கவாட்டில் இடம் விட்டோ கண்ணிழந்தோர் பற்றிய செய்திகள் 1980களின் கண்மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றன. முகம் முழுதும் மூடும் முகமூடியும், அதற்கான தரமும், ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் வேகத்தை அளக்கும் வழக்கமும், ஆட்டக்களத்துக்கு வெளியே குழல்வாயை உறையிட்டு மூடும் விதியும் அந்தத் துன்பத்தின் பின்னரே நிலைபெற்றன. மரத்துக்குக் கண் இல்லை. நெல்சன் இதை எண்ணியிருக்க வேண்டியதில்லை. நாம் எண்ண வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு 0.50 அங்குலச் சிறு குண்டும் அதற்கான கருவியும் இன்று கிடைக்கின்றன. அவை மெல்லவே தாக்கும். முகமூடி அதற்கும் வேண்டும்.

இவ்வளவையும் ஒரு மடலாக எழுதி மாணவருக்கு அனுப்பினேன். இருபது வாங்குவதை விட்டுப் பதினாறு வாங்கு. மிஞ்சும் பணத்துக்கு நல்ல முகமூடியும் வேகமளக்கும் கருவியும் வாங்கு. ஒரே வகையாக வாங்கு, அப்போது ஒன்று கெட்டால் அதன் உறுப்பு மற்றொன்றுக்கு உதவும் என்றும் எழுதியிருந்தேன்.

மறு வாரமே அழைத்தார். “ஐயா, நீங்களும் வாருங்கள். பழைய கருவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்” என்றார். சென்றேன். விற்பவர் ஒரு கொட்டகையில் இருபத்தைந்து கருவிகளை அடுக்கி வைத்திருந்தார். மேற்பூச்சு உரிந்தவை சில, புதிதுபோல் மின்னுபவை சில. மாணவர் தம்மையறியாமல் மின்னுபவற்றின் பக்கம் நகர்ந்தார். நான் அவரைத் தடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று மட்டும் பார்க்கச் சொன்னேன். சிலிண்டரை மாட்டிக் காதருகே வைத்தால் சீறல் கேட்கிறதா? பத்து முறை சுட்டால் பத்து முறையும் சுத்தி கொக்கியில் நிற்கிறதா? ஆலன் சாவியைத் திருகாணியில் வைத்தால் அதன் தலை தேயாமல் பற்றுகிறதா? மின்னியவற்றுள் நான்கு திருகாணித் தலை தேய்ந்து, சாவி வழுக்கிற்று. அடிக்கடி பிரித்துப் பூட்டி, மேலே புதுப் பூச்சு அடித்திருக்கிறார்கள். உரிந்தவற்றுள் பெரும்பாலானவை ஒரு முறையும் பிரிக்கப்படவே இல்லை.

பதினாறைப் பிரித்தெடுப்பதற்குள் மாலையாயிற்று. மாணவரின் தந்தையாரும் உடன் வந்திருந்தார். அதுவரை வாய் திறவாமல் மூலையில் அமர்ந்திருந்தவர், எழுந்து வந்து ஒன்றைக் கையில் எடுத்தார்; எடையைப் பார்த்தார்; வார்ப்பின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். “கிராணி டப்பாவோடு அலைஞ்ச வேலைக்கா இது?” என்று கேட்டார். ஆமென்றேன். “அப்ப இருக்கும்” என்று சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த பணத்தை எண்ணத் தொடங்கினார்.